இரண்டு சென்ட்ரிஃப்யூஜும் ஒரு தத்துவ வகுப்பும்

1. காலை ஷிஃப்ட்

ஆபரேட்டர் சகாயராஜின் வலது கையில் இரண்டு விரல்கள் போனது காலை ஷிஃப்டில், டீ வரும் நேரத்தில். நான் அப்போது கடலூர் சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் புரொடக்ஷன் சூப்பர்வைசர். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவர் தரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தார். கத்தவில்லை. "சார், மெஷின ஆஃப் பண்ணுங்க, இன்னும் சுத்துது" என்றுதான் சொன்னார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சென்ட்ரிஃப்யூஜ் என்பது ஈரப் பொடியைச் சுற்றிப் பிழியும் இயந்திரம். வாஷிங் மெஷின் துணி பிழிவது மாதிரிதான், ஆனால் ஆள் உயரம். மூடியைத் திறந்தால் பிரேக் பிடித்து நின்றுவிட வேண்டும். அதற்குப் பெயர் இன்டர்லாக். மூடியின் ஓரத்தில் இருக்கும் சென்சாரில் ஒரு காந்தத்தை ஒட்டிவிட்டால், மூடி மூடியே இருப்பதாக மெஷின் நம்பிக்கொள்ளும். சுற்றும்போதே திறந்து, பொடியைச் சுரண்ட ஆரம்பிக்கலாம். ஒரு பேட்ச்சுக்குப் பத்து நிமிடம் மிச்சம்.

எங்களிடம் இரண்டு சென்ட்ரிஃப்யூஜ் இருந்தன. ஒன்று பழையது, ஜெர்மனியில் வாங்கியது. மற்றது அந்த வருடம்தான் சீனாவிலிருந்து வந்தது. சீன மெஷினில் காந்தத்தை ஒட்டியது சகாயராஜ். ஒட்டலாம் என்று அவருக்குத் தோன்ற வைத்தது என் படிப்பு. அதைத்தான் எழுத வந்தேன்.

2. நான் எடுத்த வகுப்பு

ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு எனக்குத் தத்துவம் படிக்கும் ஆசை வந்தது. சிதம்பரத்தில் தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்புக்குப் போவேன். சீனச் சிந்தனை மரபையும் ஐரோப்பியச் சிந்தனை மரபையும் ஒப்பிடும் தாள் ஒன்று இருந்தது. அதில் நல்ல மார்க் வாங்கினேன். அதோடு நின்றிருக்கலாம்.

மாதம் ஒரு நாள் கேன்டீனில் சேஃப்டி கிளாஸ் நடக்கும். ஹெல்மெட் போடு, கிளவுஸ் போடு என்று சொல்லிச் சொல்லி எனக்கே தூக்கம் வந்தது. புது மெஷின் வந்த மாதம், நான் படித்ததை அவிழ்த்துவிட்டேன்.

ஐரோப்பாக்காரன் முதலில் விதியை எழுதுவான், பிறகு உலகத்தை அதற்குள் அடக்குவான் என்றேன். அவனுக்கு ஒன்று சரி, இல்லையென்றால் தப்பு, நடுவில் எதுவும் கிடையாது. சீனாக்காரன் ஒரு பொருளைத் தனியாகப் பார்க்க மாட்டான், அது எதோடு எப்படி நிற்கிறது என்று பார்ப்பான். ஓட்டம் எந்தப் பக்கம் போகிறதோ அதோடு போவான், முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்ல மாட்டான். இந்த இரண்டு மெஷினுமே அந்த இரண்டு புத்திதான், ஜெர்மன் மெஷின் விட்டுக்கொடுக்காது, சீன மெஷின் அட்ஜஸ்ட் பண்ணிப் போகும் என்று முடித்தேன். ஆபரேட்டர்கள் கை தட்டினார்கள். சேஃப்டி கிளாஸில் கைதட்டல் வாங்கிய ஒரே சூப்பர்வைசர் நான்தான்.

நான் சொல்லாமல் விட்டதும் உண்டு. பாடப் புத்தகத்திலேயே, சட்டத்தை இம்மியும் தளர்த்தக் கூடாது என்ற சீனச் சிந்தனையாளர்கள் இருந்தார்கள். அதிகாரி என்று பெயர் வைத்துக்கொண்டவன் அதிகாரியாக நடக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர்களும் இருந்தார்கள். எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது, நிலையானது எதுவுமில்லை என்ற கிரேக்கர்களும் இருந்தார்கள். அவர்களைச் சேர்த்தால் ஒப்பீடு குழம்பும், கை தட்ட மாட்டார்கள். அதனால் வெட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே சீன மெஷினில் காந்தம் ஏறியது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றியது. ஜெர்மன் மெஷினில் ஒருவரும் கை வைக்கவில்லை.

3. லியாங் சொன்னது

புது மெஷினை ஓட்டிக் காட்ட வந்த சீன என்ஜினியரின் பெயர் லியாங். குறைவாகப் பேசுவார். அவர் பேசுவதை அவருடைய போன் தமிழாக்கி, செய்தி வாசிப்பது போலச் சொல்லும். விபத்துக்கு மூன்று நாள் முன்னால் அவர் காந்தத்தைப் பார்த்துவிட்டார். பிடுங்கி என் மேஜை மேல் வைத்தார். போன் பேசியது: "இந்தக் காந்தத்தை அனுமதிக்காதீர்கள். ஒருவருடைய கை போய்விடும்."

இதைவிடத் தெளிவாக எந்த மொழியில் சொல்ல முடியும்? நானோ படித்தவன். சீனர்கள் நேரடியாகப் பேச மாட்டார்களே, இவர் இவ்வளவு நேரடியாகச் சொல்கிறார் என்றால் இது சும்மா ரெக்கார்டுக்காக என்று நினைத்துக்கொண்டேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அவர் சாப்பிடப் போனதும் ஆபரேட்டர்களில் ஒருவர் என் மேஜையிலிருந்து காந்தத்தை எடுத்துக்கொண்டு போனார். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பேட்ச் ஏற்கெனவே லேட்டாகியிருந்தது.

4. விசாரணை

விசாரணைக்கு முந்தின நாள் ஜி.எம். என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். லியாங் அனுப்பிய மெயில். காந்தத்தின் போட்டோ, தேதி, நேரம், சூப்பர்வைசரிடம் நேரில் எச்சரித்தேன் என்ற வரி, எல்லாம் இருந்தது.

"ஆபரேட்டர் தப்புன்னா ஒரு ஆளோட போயிடும். சூப்பர்வைசர் தப்புன்னா ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் எங்கிட்ட வருவாரு. இத நான் பாக்கல, நீங்களும் பாக்கல. ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் ஜாஸ்தி நாள் இல்ல உங்களுக்கு, பாத்துக்குங்க" என்றார்.

மறுநாள் சகாயராஜ் கட்டுப் போட்ட கையோடு வந்தார். ஒரே ஒரு விஷயத்தைத்தான் சொன்னார். "காந்தம் ஒட்டுனது நாந்தான், இல்லங்கல. ஆனா சைனா மெஷினு அட்ஜஸ்ட் பண்ணிப் போறதுதான்னு சார்தான் கிளாஸ்ல சொன்னாரு. காந்தம் ஒட்டியிருந்தத அவரும் பாத்தாரு. சாரையே கேளுங்க."

ஜி.எம். என் பக்கம் திரும்பினார். "காந்தம் ஒட்டச் சொன்னீங்களா?"

"இல்ல சார்."

"ஒட்டியிருந்தது தெரியுமா?"

"தெரியாது சார். நான் கிளாஸ்ல தத்துவந்தான் பேசினேன். மெஷினப் பத்திப் பேசல."

முதல் பதில் வார்த்தைக்கு வார்த்தை உண்மை. சரி, தப்பு என்று இரண்டாகப் பிரிக்கிற ஐரோப்பியக் கணக்கில் நான் தப்பித்தேன். இரண்டாவது பதில் கம்பெனியின் முகத்தையும் என் முகத்தையும் காப்பாற்றியது. அது சீன வழக்கம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பச்சைப் பொய்க்கு இரண்டு கண்டத்திலிருந்து சாட்சி கூப்பிட்டேன்.

சகாயராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேலை போனது. பாதுகாப்பு விதியை மீறினார், மேலதிகாரி மீது பொய்ப் பழி சுமத்தினார் என்று ஆர்டரில் இரண்டு காரணம் இருந்தது.

5. குமராட்சி

ரிட்டையர் ஆகி ஒரு வருடம் கழித்து, மனசு கேட்காமல் சிதம்பரம் போய் மினிபஸ் ஏறினேன். குமராட்சியில் சகாயராஜ் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ரைஸ் மில்லில் வாட்ச்மேன் வேலை பார்ப்பதாகச் சொன்னார். என்ன சார், ஏது சார் என்று மரியாதையாகத்தான் நாற்காலி போட்டார். அன்று நீங்கள் சொன்னதுதான் உண்மை, நான்தான் பொய் சொன்னேன் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன்.

"அது எனக்குத் தெரியுமே சார்" என்றார். "எம் பொண்டாட்டிக்குத்தான் தெரியாது. படிச்ச மனுசன் பொய் சொல்வாரா, நீ திமுருல கைய வுட்டுட்டு அவரு மேல பழி போடறன்னு இன்னி வரைக்கும் சொல்லிக்காட்றா. வந்ததுதான் வந்தீங்க, உள்ளாற இருக்கா, அவகிட்ட சொல்லிட்டுப் போங்க."

அந்த அம்மாவைக் கூப்பிட்டு என் எதிரில் அவரே நிறுத்தினார். நான் எழுந்து நின்று சொன்னேன். காந்தம் ஒட்டியிருந்தது எனக்குத் தெரியும், உங்கள் வீட்டுக்காரர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நிஜம் என்றேன்.

அந்த அம்மா புருஷன் பக்கம் திரும்பி, "அப்ப நெசமாத்தான் சொன்னியா?" என்றார்.

"நெசமாத்தான்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். சகாயராஜ் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன்.

இன்று சூப்பர்வைசர் நாற்காலியில் உட்கார்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். சீனாவைப் படியுங்கள், ஐரோப்பாவைப் படியுங்கள், நல்லதுதான். ஆனால் உங்கள் பேச்சைக் கேட்டு ஒரு ஆள் மெஷினுக்குள் கை வைத்தால், "ஆமாம், நான்தான் சொன்னேன்" என்று விசாரணை அறையிலேயே சொல்லிவிடுங்கள். நான் தாமதமாகப் போய்ச் சொன்னேன். அதற்குள் ஒரு மனுஷன் தன் வீட்டுக்குள்ளேயே இத்தனை வருடம் பொய்யனாக இருந்துவிட்டார்.