முதற்பரிசு வாங்கிய மீசை

சிட்னியில் எங்கள் கிரவீன் பகுதியிலிருந்து மெல்பேர்னுக்கு விமானத்தில் போனால் ஒன்றரை மணித்தியாலம். காரில் போனால் ஏறக்குறைய எண்ணூற்றைம்பது கிலோமீற்றர், ஓட்டம் மட்டும் ஒன்பது மணித்தியாலம். நாங்கள் போன மாதம் காரில் போனோம். மெல்பேர்னில் கேரம் டவுன்ஸ் கோயிலில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்பது ஊருக்குச் சொன்ன காரணம். எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அத்தானோடு சண்டை பிடிக்க வேண்டும், ஓடுகிற காரிலிருந்து அவரால் எழும்பிப் போக முடியாது.

அத்தான் என் அக்காவின் கணவர். எங்கள் தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் தலைவர். நான் அதன் ஆண்டு மலருக்கு ஆசிரியர். எங்கள் கலைவிழாவில் மாறுவேடப் போட்டி இல்லாமல் இருக்காது. வேலோடு ஒரு முருகன், கூடையோடு ஒரு குறத்தி, கழுத்தில் குழாய் மாட்டிய நாலைந்து டொக்டர்கள் என்று வருவார்கள். இந்த முறை ஹிட்லரும் வந்தார். அத்தானின் பேரப்பிள்ளை, எட்டு வயது. கண்மையால் மீசை வரைந்து விட்டவர் அத்தான்தான். பிள்ளை வலக்கையை நீட்டிக்கொண்டு விறைப்பாக நடக்க, மண்டபமே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறது. முதற்பரிசும் கொடுத்துவிட்டார்கள். நான் அந்த நேரம் சாப்பாட்டுப் பக்கம் நின்றதால் படங்கள் வந்த பிறகுதான் பார்த்தேன். அதில் ஒன்றை மலரின் அட்டையில் போடச் சொல்லி அத்தான் அனுப்பியிருந்தார். நாங்கள் ஊர் திரும்பியதும் மலர் அச்சுக்குப் போக வேண்டும்.

எங்கள் ஆட்களுக்கு ஹிட்லர் என்றால் கண்டிப்பான வாத்தியார், சிடுசிடு மாமனார். பகிடிப் பெயர், சிரிக்கச் சொல்வது. சொந்த நாடான இலங்கையில் இனத்தின் பெயரால் அடிவாங்கி, கப்பலிலும் விமானத்திலும் தப்பி வந்த சனத்துக்கு இந்த விவரம்கூடத் தெரியவில்லை என்றால் எனக்கு இரக்கம் வரவில்லை. பற்றிக்கொண்டுதான் வருகிறது.

வெள்ளிக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். வழியில் கோல்பேர்ன் வரை நான் பொறுமையாக இருந்தேன். குண்டகாயில் கோப்பி குடித்துவிட்டு ஏறியதும் தொடங்கினேன்.

"அத்தான், அந்தப் படம் அட்டையில வராது."

"சின்னப் பிள்ளையின்ர பகிடி. நீர் ஏன் இப்பிடிக் கத்துறீர்?"

"அறுபது லட்சம் யூதச் சனத்தைக் கொன்றது பகிடியோ?"

"ஓம், இப்ப காசாவில நடக்கிறதை நீர் பாக்கேல்லையோ?"

பார்க்கிறேன். அங்கே குண்டு போடுகிற அரசின் மேல் எனக்கும் கோபம்தான். அதை அவரிடம் சொன்னேன். ஆனால் மெல்பேர்னில் பாண் வாங்கப் போகிற ஒரு யூத மனுஷி அதற்கு எப்படிப் பொறுப்பாவாள்? ஊரில் புலிகள் செய்ததற்கு என் அப்பாவிடம் கணக்குக் கேட்டு அவரை நடுத்தெருவில் முழங்காலில் நிறுத்திய ராணுவச் சிப்பாயும் இதே கணக்குத்தான் பார்த்தான். அத்தான் ரேடியோவைக் கூட்டினார். அல்பெரி வரை பழைய பாட்டுகள்தான். பின் சீற்றில் அக்கா நித்திரை போல் நடித்துக்கொண்டிருந்தார்.

மெல்பேர்னுக்கு வடக்கே கிரெய்கிபர்னில் உறவினர் வீட்டில் தங்கினோம். சனிக்கிழமை காலை இருவரையும் ஏற்றிக்கொண்டு, நகரத்துக்குத் தென்கிழக்கே உள்ள யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்குப் போனேன். எங்கே போகிறோம் என்று வாசலில்தான் சொன்னேன். கதவு பூட்டியிருந்தது. சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள். வெள்ளிக்கிழமை மரக்கறி தின்கிற எனக்கு அது உறைத்திருக்க வேண்டும். அத்தானின் முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்ததே, அதற்காகவே மறுநாளும் கூட்டிப்போவது என்று முடிவுகட்டினேன்.

ஞாயிறு கல்யாணம் முடிந்து, கோயிலிலிருந்து அருங்காட்சியகத்துக்கு நாற்பது நிமிட ஓட்டம். உடுப்பு மாற்ற நேரமில்லை. அத்தான் பட்டு வேட்டி, நானும் அக்காவும் காஞ்சிபுரம் சேலை. வாசலில் காவலாளி பைகளைத் திறந்து பார்த்தார், தாம்பூலப் பை உட்பட. அத்தானுக்கு முகம் சுருங்கியது. "மியூசியத்துக்கு ஏன் இவ்வளவு காவல்?" என்றார். இந்த நகரத்தில் யூதரின் தொழுகைக்கூடத்துக்குத் தீ வைத்து அதிக காலம் ஆகவில்லை என்று நான் சொன்னேன். அதை அவர் செய்தியில் பார்த்திருந்தார். பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போயிருந்தார்.

உள்ளே ஒரு தொண்டர் எங்களோடு வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவருடைய அம்மா சிறுமியாகப் போலந்தில் ஒரு மாட்டுக்கொட்டிலில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். எல்லோரும் நச்சுவாயு அறையைத்தான் முதலில் கேட்பார்கள், அது கடைசி அறை என்று சொன்னார்.

கடைசி அறைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்த பழி முதலில் இருந்தது: வட்டிக்காரன், வஞ்சகன், எங்கள் தோல்விக்கெல்லாம் காரணம் அவன்தான். அந்தப் பேச்சைப் பேசியவர்கள் கையில் ஆட்சி வந்ததும் யூதர் கடை வாசல்களில், வாங்க வருகிறவர்களைத் தடுக்கச் சீருடைக்காரர் நின்றார்கள். சட்டம் போட்டு அரசாங்க வேலையிலிருந்து நீக்கினார்கள். இன்னொரு சட்டம் குடியுரிமையைப் பறித்தது, கலப்புத் திருமணத்தைத் தடுத்தது. பிறகு தொழுகைக்கூடங்கள் எரிந்தன. தீயணைப்புப் படை பக்கத்து வீட்டுக்குத் தீ பரவாமல் மட்டும் பார்த்துக்கொண்டது. எரித்த சேதத்துக்குத் தண்டப்பணம் கட்டியவர்களும் யூதர்கள்தான். அதற்குப் பிறகு உடுப்பில் தைக்க மஞ்சள் நட்சத்திரம், அடைத்த சேரி, ரயில். ஒவ்வொன்றுக்கும் ஒரு கந்தோர், ஒரு கையெழுத்து, மாதச் சம்பளம் வாங்கும் ஓர் உத்தியோகத்தர்.

பயணக் கட்டுரை எழுதுகிறவள் நான், கட்டணம் எழுதுவது என் பழக்கம். இதையும் எழுதிவிடுகிறேன். கொலைமுகாமுக்குப் போன ரயில்களுக்கு ரயில்வே தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் அறவிட்டது. ஒருவழிப் பயணம். சிறுவருக்கு அரைக் கட்டணம். நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இலவசம். இதை வாசித்தபோது எனக்கு அழுகை வரவில்லை, யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. வெறிபிடித்த ஒருத்தன் தனியாக இதைச் செய்யவில்லை. ஓர் அரசாங்கம் ஒழுங்காக, கந்தோர் நேரம் பார்த்துச் செய்தது.

திரும்பிப் பார்த்தால் அத்தானைக் காணவில்லை. ஆரம்பத்தில் இருந்த ஒரு படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஜெர்மன் ஊரின் திருவிழா ஊர்வலம். அலங்கார வண்டியில் ஊர்க்காரர்கள் யூதர்போல் வேஷம் போட்டு, ஒட்டுமூக்கு வைத்து நிற்கிறார்கள். தெருவோரத்தில் குடும்பம் குடும்பமாகச் சிரிக்கிறார்கள். வேட்டித் தலைப்பைக் கையில் பிடித்தபடி அவர் அசையவே இல்லை.

கார் நிறுத்திய இடத்தில்தான் வாய் திறந்தார்.

"எண்பத்திமூண்டுக்கு முதல் வருசம், கொழும்பில எங்கட கந்தோர் பார்ட்டி. ஒருத்தன் வேட்டி கட்டி, திருநீறு பூசி, எங்கட ஆக்கள் சிங்களம் கதைக்கிற மாதிரிக் கதைச்சுக் காட்டினவன். எல்லாரும் சிரிச்சவை. நானும் சிரிச்சனான்."

"பிறகு?"

"அடுத்த ஆடியில கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கட வீட்டைக் காட்டினவன் அவன்தான்."

அக்கா அவரைப் பார்த்தார். "நாப்பது வருசமா எனக்கு இதைச் சொல்லேல்லையே நீங்கள்."

எனக்கு அத்தான்மேல் இரக்கம் வந்தது. கோபம் மட்டும் போகவில்லை. தெரியாதவன் மீசை வரைந்தால் அறியாமை என்று விடலாம். கொழும்பில் வீடு எரிந்து நிற்கக் கண்ட மனிதரின் கைக்குமா தெரியவில்லை?

போகிறவர்களுக்கு: சனிக்கிழமையும் யூதப் பண்டிகை நாட்களும் பூட்டு. சீட்டை இணையத்தில் முன்பே எடுங்கள். கட்டணம் மாறலாம், அவர்களின் தளத்தில் பாருங்கள். நகர மத்தியில் உள்ள ஃபிளின்டர்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து சான்ட்ரிங்ஹம் தடத்து ரயிலில் இருபது நிமிடம் போதும். பெரிய பை கொண்டு போகாதீர்கள், வாசல் சோதனைக்கு முகம் சுளிக்காதீர்கள். சின்னப் பிள்ளைகளுக்கு எது ஏற்றது என்று முன்பே கேளுங்கள். குறைந்தது இரண்டு மணித்தியாலம் வேண்டும். சிட்னியிலிருந்து காரில் போனால் பெற்றோலுக்கு ஒரு வழிக்கு நூற்றுப்பத்து டொலர் ஆகும். அந்த மீசையைப் பகிடி என்று நினைக்கிற ஒருவரை ஏற்றிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

திங்கட்கிழமை திரும்பும் வழியில், குண்டகாய் தாண்டியதும், கார் ஓட்டிக்கொண்டிருந்த அத்தான் பேரப்பிள்ளைக்கு அழைத்தார். கார் ஸ்பீக்கரில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"செல்லம், இனி அந்த மீசை வேண்டாம். கையையும் அப்பிடி உயர்த்தக் கூடாது. அது பெரிய பிழை, சரியோ?"

 பிள்ளை ஆங்கிலத்தில் கேட்டது: "பட் தாத்தா, யூ ட்ரூ இட். எவ்ரிபடி கிளாப்ட்." தாத்தாதானே வரைந்தீர்கள், எல்லோரும் கைதட்டினார்களே என்று.

அத்தான் காரை ஓரமாக நிறுத்தினார். 

அட்டைப்படத்தை நான் மாற்றிவிட்டேன். அவருக்கு அது போதுமாக இருந்தது, வேறு படம் போட்டு விஷயத்தை அமத்திவிடலாம் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட பதிலை அவரே எழுதித் தர வேண்டும், முதல் பக்கத்தில், தலைவர் என்று கையெழுத்துப் போட்டு. அது வரும்வரை மலர் அச்சுக்குப் போகாது.