எலுமிச்சம்பழமும் என் படகும்

மலேசியாவில், சுங்கை பினாங்கில் எங்கள் வீட்டு முன்கூடத்தில் பிளைவுட்டால் ஒரு சிறிய பாய்மரப் படகு கட்டினேன். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். படகும் என் படிப்பால் வந்தது என்றே நினைத்தேன். தொழிற்சாலை வேலை முடிந்து வந்து, கை காந்தக் காந்த உப்புத்தாளால் பலகையைத் தேய்த்தவர் அம்மா.

கடலில் இறக்கிய அன்று அலுவலக நண்பர்கள் வந்திருந்தார்கள். அம்மா படகுக்கு முன்னால் மணலில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்தார்.

“புது கெரெத்தா வாங்கினா டயருக்கு முன்னால வைக்கிறோம்ல? இது தண்ணியில போறது லா. நசுக்கிட்டுப் போமா. உனக்கு ஒண்ணும் ஆவக்கூடாது.”

எனக்கு மானம் போனது. நண்பர்களிடம் ஆங்கிலத்தில், “அம்மா பள்ளிக்கூடமே போனதில்லை. அடுத்து இதற்கு ரோட் டேக்ஸும் கட்டச் சொல்வார்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆங்கிலம் தெரியாத அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

வீடு திரும்பும்போது கேட்டார். “என்னமா சொன்ன? அப்படிச் சிரிச்சாங்க?”

“நீங்க தேய்க்கலன்னா இந்த போட் முங்கிப் போயிருக்கும்னு சொன்னேன்மா.”

“ஐயோ, அதெல்லாம் ஏன் சொன்ன?” என்று கூச்சப்பட்டார். அன்று மாலையே பக்கத்து வீட்டு அக்காவிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும். இன்றுவரை நான் கேட்கவில்லை.