சிமென்ட் தூசியில் ரோடு போட்டவர்

பிள்ளைகளே, பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார். மூக்குக்கண்ணாடி நழுவ நழுவ என்மேல் சாய்ந்து, முன்சீட்டு முதுகில் படிந்த சிமென்ட் தூசியில் ஊர்களைப் புள்ளியாகவும் ரோடுகளைக் கோடாகவும் வரைவார். உடனே அழிப்பார், அதுவும் என் துண்டால்.

“என்ன தம்பி இது?”

“ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுற மேப்புங்க. இத்தன ஊர ஒரே கம்ப்யூட்டர் தாங்காது. பலதுக்குப் பிரிச்சுக் குடுக்கணும். உடையார்பாளையம் ஒண்ணுல, ஆண்டிமடம் இன்னொண்ணுல இருந்தா, நடுவுல உள்ள ரோட்ட ரெண்டுக்கும் சொல்லணும். இல்லாட்டி ரோடே இல்லன்னு ஆம்புலன்ஸ சுத்தி அனுப்பிடும்.”

சாயங்காலத்துக்குள் தராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று அவருடைய மேலதிகாரி போனில் கத்தியது எனக்கே கேட்டது.

“முடிஞ்சவரைக்கும் குடுத்துட்டு நிம்மதியா இருங்களேன்,” என்றேன் சலிப்போடு.

“ஒரு ரோடு விட்டுப்போனாலும் குடுக்க மாட்டேங்க,” என்று அரியலூரில் இறங்கிப் போய்விட்டார்.

அவருக்கு வேலை நிலைத்ததா என்று விசாரிக்கலாமென்றால், பேர்கூடத் தெரியாது.