வாய்க்கால் பக்கத்து டிஃபெண்டர்

ஃபுட்பாலில் டிஃபெண்டரின் வேலை நடக்காமல் போன விஷயங்களால் ஆனது. கோல் போட்டவனைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். விழவேண்டிய கோல் விழாமல் பார்த்துக்கொண்டவன் தண்ணீர் பாட்டிலைத் தானே தேடிக் குடிப்பான். அதிலும் நான் எந்த இடம் காலியோ அந்த இடத்தில் ஆடுகிறவன். உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், யார் லீவு போட்டாலும் அவர்கள் மேசையில் உட்காரவைக்கப்படுபவர். அது நீங்களாகவே இருந்தால், இது உங்களுக்கு.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் முக்கியமான பேச்சு நான் இல்லாத அறையில் நடந்தது. எங்கள் கிளப்பில் ஜெர்சி, பூட்ஸ் எல்லாம் பார்த்துக்கொள்ளும் ஏழுமலை அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

மனைக்கல் கோல்

நான் ஆடக் கற்றது எங்கள் ஊர் கரிக்கலாம்பாக்கத்தில், அறுப்பு முடிந்த வயலில். பாதி வயலில் மனை போட்டிருந்தார்கள். மஞ்சள் அடித்த இரண்டு மனைக்கற்கள் ஒரு கோல். இரண்டு செருப்புகள் இன்னொன்று. வயலின் நீளத்துக்கும் ஒரு பக்கம் வாய்க்கால். பந்து அதில் விழுந்தால் தண்ணீர் இழுத்துப்போய் ரோட்டடி மதகுக்குள் செருகிவிடும். இருப்பது ஒரே பந்து. ஆட்டம் அதோடு முடிந்தது.

அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். வாய்க்கால் பக்கம் ஒருவன் நிற்க வேண்டும். யார் உதைத்த பந்தானாலும் தண்ணீருக்குப் போகாமல் தடுப்பது அவன் பொறுப்பு. எப்போதும் ஏதாவது கெட்டுப்போகும் என்றே எதிர்பார்க்கிற சுபாவம் எனக்கு, என்னையே நிறுத்தினார்கள். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும், வாய்க்கால் மாறாது. முதல் பாதியில் வலது ஓரத்து டிஃபெண்டராக, அதாவது ரைட் பேக்காக, நின்ற நான் இரண்டாம் பாதியில் லெஃப்ட் பேக் ஆகிவிடுவேன். சாயங்கால வெயிலில் தண்ணீர் மினுங்கும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றால் பந்து வருவதே மறந்துபோகும். அப்போது எங்கள் கேப்டன் அருளின் குரல் கேட்கும்: "டேய், பந்து தண்ணிக்குப் போச்சுன்னா நீயும் கூடவே போயிடு. வூட்டுப் பக்கம் வராத!"

பாதி ஆட்டம் வரைக்கும்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, பி.காம். கரும்பு வெட்டப் போய்ப் படிக்கவைத்த அம்மாவுக்கு நான் பேங்க் பரீட்சை எழுத வேண்டும். நானோ சென்னையில் ஒரு கிளப்பின் தேர்வுக்குப் போய் வரிசையில் நின்றேன். கோச் ஒவ்வொருவரிடமும் என்ன படிப்பு, ஆடுவது எந்த இடம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நடுவில் நிற்கும் ஸ்டாப்பர், லெஃப்ட் பேக் என்று எல்லோரும் இடத்தை ஒரே வார்த்தையில் சொன்னார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நான் யோசித்துச் சொன்னேன்.

"ரைட் பேக் சார். பாதி ஆட்டம் வரைக்கும்."

"அப்புறம்?"

"அப்புறம் லெஃப்ட் பேக் சார்."

கோச் சிரிக்கவில்லை. ஒரு சீசனுக்கு மட்டும் எடுத்துக்கொண்டார். அது முடிந்ததும் வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று பார்ப்பார்களாம். எனக்குப் பின்னால் நின்றவன் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "பி.காம். படிச்சவன் மச்சி, வரவு செலவு மாதிரி எதையும் ரெண்டாப் பிரிச்சுத்தான் சொல்லுவான்."

அம்மா என்னைத் தேடியது

எங்கள் ஆட்டங்கள் செல்போனில் வரும். அம்மா, பக்கத்து வீட்டுப் பெண்ணின் போனை வாங்கிப் பார்ப்பாள். படத்தில் நாங்கள் எறும்பு அளவுதான் இருப்போம். அதிலும் நான் ஒரு வாரம் வலது, ஒரு வாரம் இடது, ஒரு வாரம் நடுவில். போன வாரம் பார்த்த மூலையிலேயே தேடி, வேறு யாரோ ஒருவனை நான் என்று நினைத்து, முழு ஆட்டமும் அவனுக்காக வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டால் ஊருக்கு என்ன முகத்தோடு போவது என்பதே அப்போது என் தூக்கத்திலும் ஓடிக்கொண்டிருந்த கேள்வி. அம்மா ஒருநாள் போனில் அதையே வேறு மாதிரி கேட்டாள்: "ஏண்டா, உனக்குன்னு ஒரு எடம் குடுக்க மாட்டானுங்களா? இன்னா வேலைடா இது, நின்ன எடத்துல நிக்க விடாத வேலை?"

கையுறை

ஒரு ஆட்டத்தில் எங்கள் கோல்கீப்பரைச் சிவப்பு அட்டை காட்டி வெளியேற்றிவிட்டார்கள். மாற்று ஆட்களை எல்லாம் இறக்கியாகிவிட்டது. கோச் என்னைப் பார்த்தார். ஏழுமலை அண்ணன் கையுறைகளோடு வந்தார். எனக்கு அவை பெரியவை. வேறு யாருடைய கைகளையோ மாட்டிக்கொண்டது போல இருந்தது.

கோல் வாயில் நின்று முழு மைதானத்தையும் அன்றுதான் பார்த்தேன். மழைக்கு முந்தைய வெளிச்சம். எல்லோரும் தூரத்தில், சத்தமே இல்லாமல், மிதப்பது போல ஓடினார்கள். இவ்வளவு நாள் நான் நின்ற இடங்கள் எல்லாம் என் முன்னால் காலியாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் என்னைப் போலவே ஒருவன் நின்று பதைப்பதாகத் தோன்றியது. நல்லவேளையாகப் பந்து என்னிடம் வரவே இல்லை. கையுறையைத் திருப்பி வாங்கும்போது அண்ணன் சொன்னார்: "தொவைக்கிற வேலைகூட வெக்கலியே நீ. இப்பிடி ஒரு கீப்பரை நான் பாத்ததே இல்ல."

கடைசி ஆட்டம்

அன்று நான் லெஃப்ட் பேக். என்னை வைத்துக்கொள்வதா என்பது அந்த வாரம் முடிவாகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆட்டம் சமநிலையில் இருந்தது, முடியப்போகும் நேரம். எதிரணி ஆள் ஒருவன் நீளமாக உதைத்த பந்து யாரிடமும் சேராமல் ஓரக்கோட்டை நோக்கி உருண்டது. விட்டிருந்தால் வெளியே போய், அதை உள்ளே எறியும் த்ரோ எங்களுக்குக் கிடைத்திருக்கும்.

சற்று முன் மழை பெய்து ஓய்ந்திருந்தது. வெயில் பட்டு ஓரக்கோடு மினுங்கியது. எனக்குத் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது, சத்தியமாகக் கேட்டது. ஓடினேன், சறுக்கினேன், பந்தைக் கோட்டிலேயே நிறுத்தினேன். எழுந்திருப்பதற்குள் அவர்களுடைய விங்கர் அதை என் காலடியிலிருந்து எடுத்துப்போய்விட்டான். கோல். தோற்றோம்.

"அது நம்ம த்ரோடா!" என்று கோச் கத்தினார். "விட்டிருந்தா எங்கடா போயிருக்கும்?"

"வாய்க்கால்ல போயிருக்கும் சார்" என்று என் வாய் சொன்னது. ஏழுமலை அண்ணன்தான் என் தோளில் துண்டைப் போட்டு மெதுவாகக் கேட்டார்: "தம்பி, மெட்ராஸ் கிரவுண்டுல ஏதுப்பா வாய்க்கா?"

அறைக்குள்

ஊருக்குப் போகப் பையைக் கட்டிவிட்டேன். பேங்க் பரீட்சைப் புத்தகங்கள்கூட வாங்கிவிட்டேன். அப்போது அண்ணன் போன் செய்தார். கூட்டத்தில் என்னை அனுப்பிவிடலாம் என்று பேச்சு வந்ததாம். கோச் மேசையைத் தட்டி, "வெளிய போற பந்துக்கும் ஓடுறவன் அவன் ஒருத்தன்தான், அவன் இருக்கட்டும்" என்றாராம். அந்த வாக்கியத்தோடு நான் பல நாள் மிதந்தேன். அம்மாவிடம் சொன்னேன், அருளிடம் சொன்னேன்.

ஆனால் எதையும் சரிபார்க்காமல் என்னால் இருக்க முடியாது. புது சீசனின் முதல் பயிற்சியன்று காலைப் பனியில், கோல் கம்பங்கள்கூடத் தெரியாத நேரத்தில், கோச்சிடம் நன்றி சொல்லி, அப்படிச் சொன்னீர்களா என்று கேட்டேவிட்டேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "நானா? அப்பிடில்லாம் நான் பேசவே மாட்டேனே. ரைட் பேக்குக்கு முட்டி ஆபரேஷன். லெஃப்ட் பேக் வேற கிளப்புக்குப் போயிட்டான். ஸ்டாப்பரு கல்யாணம் பண்ணிக்கினு துபாய் போறான். மூணு எடத்துக்கும் ஒரே ஆளு போதும்னு சொன்னேன்."

நேரே ஏழுமலை அண்ணனிடம் போய்க் கேட்டேன். அவர் ஈர ஜெர்சிகளைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவரு சொல்லல, நான்தான் சொன்னேன். டீ குடுக்க உள்ள போனேன் இல்ல, அப்போ."

ஆகவே, என்னைப் போன்ற காலி மேசைக்காரர்களே, நான் விசாரித்து உறுதிசெய்துகொண்டது இவ்வளவுதான்: இந்த வருடமும் எனக்கென்று ஓர் இடம் கிடையாது, வேலை மட்டும் இருக்கிறது.