முக்காலி நின்ற பக்கம்

செய்தி வாசித்தே தலை நரைத்த அந்த அம்மாளுக்கு, ஓய்வுக்குப் பிறகும் வாய் சும்மா இருக்கவில்லை. நினைவுகளைப் புத்தகமாக எழுத உட்கார்ந்துவிட்டாள். தொலைக்காட்சிச் செய்தி எப்படி ஒரு பக்கம் சாய்கிறது என்ற அத்தியாயத்தில்தான் ஒளிப்பதிவாளர் வருகிறார். கேமரா முக்காலி தோளில் இல்லாமல் அவரைக் கண்டவர் கிடையாது; பெயரே முக்காலி என்றாகிவிட்டது.

அந்தக் காலத்தில் வேலைநிறுத்தம் என்றால் நிலையத்து வேன் போலீசுக்குப் பின்னால்தான் நிற்கும். கேமராவும் அங்கேயே. யாரும் உத்தரவு போட்டதில்லை, வெறும் பழக்கம். அதனால் திரையில் எப்போதும் தொழிலாளிகள் நம் மேல் பாய்ந்து வருவார்கள். இவளும் 'கலவரக்காரர்கள்' என்று கணீரென்று வாசிப்பாள்.

ஒருநாள் ஆலை வாசலில் முக்காலி எதிர்ப்பக்கம் போய் நின்றுவிட்டார். சாப்பாட்டு டப்பாவோடு உட்கார்ந்திருந்தவர்கள் மேல் தடி இறங்கியதை அன்று ஊரே பார்த்தது. வேறு படம் இல்லாததால் செய்தி ஆசிரியர் பல்லைக் கடித்துக்கொண்டு அதையே போட்டார். பிறகு முக்காலியை வானிலைப் பலகையைப் படம் பிடிக்க அனுப்பிவிட்டார்கள். அவளோ 'கலவரக்காரர்கள்' என்ற அந்தச் சொல்லை மறுபடி வாசிக்கவே இல்லை.

புத்தகத்தில் அவள் உயிரைக் கொடுத்து எழுதிய அத்தியாயம் அதுதான். அச்சுக்குப் போகும் முன் முக்காலியின் வீட்டுக்கே போய் உரக்க வாசித்துக் காட்டினாள். "மனசாட்சி அவரை அந்தப் பக்கம் அழைத்தது" என்ற வரி வந்ததும் முக்காலி விழுந்து விழுந்து சிரித்தார்.

"மனசாட்சியாவது மண்ணாவது! வெயில் மண்டையப் பிளந்துச்சும்மா. அந்தப் பக்கம் ஒரு மரம் இருந்துச்சு. நிழலுக்குப் போனேன்."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. பொய்ச் செய்தியைப் பற்றிய அத்தியாயத்திலேயே இப்படியொரு புளுகா!

"அப்ப இதை எடுத்துடவா அண்ணா? புத்தகமே இதுலதான் நிக்குது."

"எதுக்கு எடுக்கணும்? மரத்தையும் சேர்த்து எழுது." அவர் சிரிப்பை நிறுத்தினார். "தடி எறங்கினதும் போலீஸ் அதிகாரி கூப்பிட்டாரு, இந்தப் பக்கம் வந்துடுய்யான்னு. எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா கண்ணால பாத்துட்டேனே. பாத்த பிறகு எப்படிம்மா திரும்பி வர்றது?"

அவள் அவர் கையைப் பிடித்து, "நல்லா இருங்கண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு பேனாவை எடுத்து மனசாட்சியை அடித்தாள், மரத்தை எழுதினாள். அதன் கீழே அவர் கடைசியாகச் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் எழுதினாள். அந்த மரத்தை நட்ட புண்ணியவான் யாரோ, நன்றிப் பக்கத்தில் அவருக்கும் ஓர் இடம் கொடுத்தாள்.