தைலம் மணந்த வீடு

கொடைக்கானலில் பங்களா கட்டியவர்கள் எல்லோரும் வெயிலுக்குப் பயந்து மலையேறியவர்கள். ஈரத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. வருஷத்தில் ஒரு மாதம் தங்கிவிட்டு, மிச்ச மாதமெல்லாம் வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, அடுத்த சித்திரையில் வந்து கதவைத் திறந்ததும் "என்ன இப்படி நாறுது?" என்று காவலுக்கு இருப்பவர்களிடம் பாய்வார்கள். மேகம் உள்ளே வந்து படுத்து எழுந்துபோகிற வீடு வேறு எப்படி மணக்கும்?

ஏரிக்கு மேற்புறம், மதுரை வக்கீல் ஒருவரின் பங்களாவுக்கு வேலுத்தாய்தான் காவல். சொந்த ஊர் வடகவுஞ்சி. புருஷன் செத்த பிறகு, பிள்ளையில்லாதவளுக்குப் பூண்டுக்காடு எதற்கு என்று கொழுந்தன்மார் கேட்டார்கள். காட்டை அவர்களிடமே விட்டுவிட்டாள். மாற்றுச்சேலையோடு கொடைக்கானல் வந்து இந்த வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் நடந்தது. அப்போது அவளுக்கு நாற்பத்தைந்துக்கு மேல் இருக்கும்.

சீசன் மாதத்துக்காகத்தான் அவள் மற்ற மாதங்களைத் தள்ளினாள். வக்கீல் வீட்டம்மா சண்முகவள்ளியும் பிள்ளைகளும் வந்து இறங்கிவிட்டால் வீடு கொள்ளாத சத்தம். "வேலுத்தாயி, வெந்நி!", "வேலுத்தாயி, என் ஸ்வெட்டர் எங்க?" என்று பொழுதெல்லாம் அவள் பெயர் அறைக்கு அறை உருளும். தன் பெயரை யாராவது கூப்பிட்டுக் கேட்பதில் இருக்கிற சுகம், எப்போதும் கூப்பிடப்படுகிறவர்களுக்குத் தெரியாது. அவர்கள் கார் மலையிறங்கிப் போன பிறகு, காலையில் பால் ஊற்றும் சின்னக்கருப்பன் "அக்கா, பால்" என்பான். அன்றைக்கு அவள் காதில் விழும் மனிதக்குரல் அதோடு சரி.

மீதிப் பொழுதுக்குக் கணக்குப்பிள்ளை இருந்தது. அது ஒரு சாம்பல் நிறப் பூனை. ஓர் ஆடிமழையில் நனைந்துகொண்டு வந்து, அழைக்காமலே அடுப்படியில் உட்கார்ந்துகொண்டது. அவள் அரிசி புடைத்தால் முறத்துக்கு எதிரே அமர்ந்து கண்ணை எடுக்காமல் பார்க்கும். எஸ்டேட்டில் காப்பிப்பழம் அளக்கும்போது கணக்குப்பிள்ளை பார்க்கிற பார்வை. அதனால் அந்தப் பெயர். குளிருக்கு அவள் கம்பளிக்குள் புகுந்து வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். அவளும் ஊரில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் அதனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

முந்தின வருஷம் புறப்படும்போது சண்முகவள்ளி ஒரு வார்த்தை சொன்னாள். "வேலுத்தாயி, சின்னவளுக்கு இழுப்பு ஜாஸ்தியாயிருச்சு. இந்தப் பூஞ்ச வாடைதான் ஒத்துக்கிடலைன்னு டாக்டர் சொல்றாரு. அடுத்த வருசமும் இப்படியே இருந்தா, இனிமே நாங்க வேற வீடுதான் பாக்கணும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் வேலுத்தாய் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். வருத்தமாகச் சொன்னாள்.

பங்குனி பிறந்ததும் வீட்டை மணக்கவைக்க இறங்கினாள். மலைக்காரிக்கு வேறென்ன தெரியும்? யூகலிப்டஸ் தைலம். தலைவலித்தால் தைலம், மூட்டு பிடித்தால் தைலம், மூக்கடைத்தால் கொதிக்கிற தண்ணீரில் தைலம். அது ஆகாத இடம் ஒன்று உண்டென்று அந்த மலையில் யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. அறைக்கு ஒரு கும்மட்டியில் கரியைப் பற்றவைத்து, மேலே தட்டில் தண்ணீர் வைத்து, தைலத்தைத் தாராளமாக ஊற்றினாள். வாசம் வெளியே போய்விடுமே என்று ஜன்னல் இடுக்கிலெல்லாம் துணியை அடைத்தாள். கம்பளிகளுக்கு நடுவே பாச்சா உருண்டைகளை அள்ளிப் போட்டாள். தனக்கே தலை கிறுகிறுத்தபோது நெற்றியில் தைலம் தடவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள்.

வீடு மணந்தது. நடுவீட்டில் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தவளுக்குப் பெருமை தாங்கவில்லை. "இந்தத் தடவ எந்த மூக்கு சுளிக்குதுன்னு பாப்போம்லே கணக்குப்பிள்ள!" என்றாள்.

கணக்குப்பிள்ளை பதிலுக்கு வாலைக்கூட ஆட்டவில்லை. அதன் வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. கண்ணில் நீர் கோத்திருந்தது. நடக்கும்போது பின்னங்கால் பிசகியது.

"அடப்பாவி, சளி புடிச்சிருச்சா!" என்று பதறினாள். சளிக்கு என்ன செய்வார்கள்? உள்ளங்கையில் தைலத்தை ஊற்றி, சூடு பறக்கத் தேய்த்து, அதன் நெஞ்சிலும் முதுகிலும் பாதங்களிலும் தடவினாள். பெட்டியிலிருந்து நல்ல கம்பளியாக எடுத்துச் சுற்றி, ஆவி நன்றாகப் படட்டும் என்று கும்மட்டிப் பக்கத்திலேயே படுக்கவைத்தாள். பூனை கம்பளியை உதறிவிட்டுத் தள்ளாடிப் போய்க் கதவைப் பிறாண்டியது. "வெளிய பனி கொட்டிக் கெடக்கு, எங்கலே போற?" என்று தூக்கிவந்து மறுபடியும் சுற்றினாள். அது மார்பையும் பாதத்தையும் நக்கிக்கொண்டே கிடந்தது. உடம்பைச் சுத்தம் செய்கிறது, தேறிவிடும் என்று நினைத்தாள். மறுநாள் இன்னொரு முறை தடவினாள். பெற்ற பிள்ளை இருந்திருந்தாலும் அவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருக்க மாட்டாள்.

அதற்கடுத்த காலை பூனையால் எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பால் கொண்டுவந்த சின்னக்கருப்பன், அவள் அழுகிற சத்தம் கேட்டுக் கதவைத் தள்ளியவன், தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினான்.

"யக்கா, என்ன சோலி பாத்து வச்சிருக்கீக? அடச்ச வீட்டுக்குள்ள கரிய மூட்டுனா மனுசனே செத்துக் கெடப்பான்! சன்னலத் தொறங்க மொதல்ல! பூனைய எடுத்துக்கிட்டு வெரசா மாட்டாஸ்பத்திரிக்கு நடங்க!"

கூடையில் பூனையை வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி ஓட்டமும் நடையுமாகப் போனாள். அங்கே கம்பவுண்டர் சுவாமிநாதன் கூடைக்குள் குனிந்ததுமே முகத்தைத் திருப்பினார்.

"ஏம்மா, தைலத்தைக் குடிக்கக் குடுத்தியா?"

"ஐயோ இல்லீங்க சாமி. மேலுக்குத்தான் தடவுனேன். சளி புடிச்சிருந்துச்சுங்க. வீடு பூரா தைல ஆவி புடிச்சு, பாச்சா உருண்ட போட்ட கம்பளியில சுத்தி வச்சிருந்தேன்."

"சளியும் இல்லை, ஒண்ணும் இல்லை. பூனை நக்கித்தானேம்மா குளிக்கும்? நீ தடவுனது அம்புட்டும் அது வயித்துக்குள்ள போயிருக்கு. ரூமு பூரா அந்த ஆவி வேற. நம்ம உடம்பு தாங்கும், பூனைக்கு அது விஷம். பாச்சா உருண்டையும் அப்படித்தான்."

வேலுத்தாய் தன் கைகளைப் பார்த்தாள். கதவைப் பிறாண்டியதை நினைத்துக்கொண்டாள். போக வழி கேட்ட பிராணியைத் தூக்கித் தூக்கி விஷத்துக்குப் பக்கத்தில் படுக்கவைத்தது அவள்தான். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது அவளுக்கு.

கம்பவுண்டர் பூனையைச் சோப்புப் போட்டு வெந்நீரில் அலசித் துடைத்தார். மருந்து கொடுத்தார். "பொழைச்சா அதும் பாடு. அந்த வாடை உள்ள வீட்டுக்குள்ள மட்டும் விடாத" என்றார்.

கணக்குப்பிள்ளை பிழைத்தது. ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. பின்னால் விறகுக் கொட்டகையில் குடியேறிவிட்டது. அவள் கையை நீட்டினால் காதை மடக்கிக்கொண்டு விறகுக்குள் போய் ஒளியும். கைகளைச் சீயக்காய் போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தோலுக்குள் போனது சுலபத்தில் வருமா? சோற்றை வைத்துவிட்டு எட்டி வந்து நின்றால்தான் அது சாப்பிடும்.

கும்மட்டிகளை வெளியே எடுத்துவிட்டாள். தைலப் போத்தல்களைச் சின்னக்கருப்பனிடம் கொடுத்தாள். பாச்சா உருண்டையைப் பொறுக்கிக் குழிதோண்டிப் புதைத்தாள். கம்பளிகளைத் துவைத்து வெயில் அடித்தபோதெல்லாம் காயப்போட்டாள். ஜன்னல்களை வெள்ளனே திறந்தால் அந்திவரை அடைக்கவில்லை. திறந்த ஜன்னலில் காற்று வந்தது, காற்றோடு மேகமும் வந்தது. பழைய பூஞ்சை வாடை சத்தமில்லாமல் சுவரேறியது.

சித்திரையில் கார் வந்தது. சண்முகவள்ளி நடுவீட்டில் நின்று முந்தானையால் மூக்கை மூடினாள். சின்னவள் அன்று சாயந்திரமே இழுக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஏன் வேலுத்தாயி, எல்லா வீட்லயும் தைலம் காய்ச்சித்தான வைக்கிறாங்க? அதக்கூடவா செய்யல?"

"செஞ்சேம்மா. பூனைக்கு ஆகலை. சாகப் பொழைக்கக் கெடந்துச்சு."

"பூனைக்காகவா?" என்று சண்முகவள்ளி கேட்டாள். திட்டவில்லை. இழுத்துக்கொண்டிருந்த மகளின் முதுகைத் தடவியபடி கேட்டாள். வேலுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். இரண்டு பேருடைய கவலையும் நியாயம்தான். ஒரே வீட்டுக்குள் இரண்டும் அடங்கவில்லை. வந்தவர்கள் வாரத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

அடுத்த சித்திரையில் அவள் வாசலைப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, வெந்நீர்த் தவலையைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். சின்னக்கருப்பன்தான் சேதி கொண்டுவந்தான். பாலை ஊற்றிவிட்டுப் போகாமல் நின்றான்.

"யக்கா, ஒங்க வக்கீல் வீட்டுக்காரக வந்துட்டாக. கீழ பஜாருக்குப் பக்கத்துல வேற வீடு புடிச்சிருக்காக. பால் அங்க ஊத்தச் சொன்னாக."

"பாப்பா எப்படி இருக்கு?"

"நல்லா ஓடியாடித் திரியுது. வீடு பூரா தைல வாசம்தான்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஒரு தட்டு வச்சிருந்தா இங்கன வந்திருப்பாகல்ல?" என்றான்.

"வந்திருப்பாக" என்றாள் வேலுத்தாய்.

அவன் போன பிறகு அடுப்படி வாசற்படியில் உட்கார்ந்தாள். வீடு முழுக்கத் திறந்து கிடந்தது, கூப்பிட ஆளில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்த நேரத்தில், விறகுக் கொட்டகையிலிருந்து கணக்குப்பிள்ளை இறங்கி வந்தது. படியருகே நின்று அவள் கையை மோந்து பார்த்தது. மறுபடியும் மோந்தது. ஒரு வருஷத்துக்குப் பிறகு முதன்முறையாக அவள் மடியில் ஏறிச் சுருண்டுகொண்டது.

வேலுத்தாய் அழுதாள். மடி குலுங்கினால் அது எழுந்து போய்விடுமோ என்று, சேலைத் தலைப்பைப் பல்லுக்குள் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள்.