ஆள் வந்துவிட்ட பேஸ்மென்ற்

அண்ணை, நீங்கள் பொய் சொன்னீர்கள். அஜின்கோர்ட்டில், வாடகைக்கு விடுகிற உங்கள் வீட்டுக் கீழ்த்தளம், அந்த பேஸ்மென்ற், காலியாகத்தான் இருந்தது. வாசலில் வந்து நின்றவள் கறுப்பினப் பெண் என்பதால், அதற்கு ஆள் வந்துவிட்டது என்றீர்கள்.

அவள் என்னோடு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறவள். சிக்காகோவில் பிறந்தவள். இப்போது இருக்கிற வீட்டை விற்கிறார்கள். மாதக் கடைசிக்குள் அவள் வெளியேற வேண்டும். உங்கள் விளம்பரத்தைக் காட்டி அனுப்பியதே நான்தான்.

மத்தியானம் வேலைக்கு வந்தவள் கோபப்படவில்லை. நீ போன் எடுத்துத் தமிழில் கேள் என்றாள். அவளுடைய தாய் சிக்காகோவில் இப்படிச் சோதித்துப் பார்க்கிற வேலையைத்தான் செய்தாராம். முதலில் கறுப்பர் ஒருவர் போய் வீடு கேட்பார், இல்லை என்பார்கள். பின்னால் ஒரு வெள்ளைக்காரர் போவார், சாவியை நீட்டுவார்கள். இரண்டையும் எழுதி வைத்தார்கள். அதற்காக ஊர்வலம் போனவர்கள் மீது கல் விழுந்தது. அவர்களுடைய தலைவரைச் சுட்டுக் கொன்ற ஒரு கிழமைக்குள், வீடு கொடுப்பதில் நிறம் பார்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது.

நான் ஸ்பீக்கரில் போட்டு எடுத்தேன்.

"ஓம் தங்கச்சி, இருக்கு. காலமை ஒரு கறுவல் வந்து நிண்டது. ஆள் வந்திட்டுது எண்டு கலைச்சுப்போட்டன். எங்கடை ஆக்கள் எண்டால் நாளைக்கே வாங்கோ."

அவளுக்குத் தமிழ் தெரியாது என்று ஒரு கணம் நிம்மதிப்பட்டேன். அவள் வெங்காயம் உரித்தபடியே, "கறுவல்" என்று தெளிவாகச் சொன்னாள். அது நான்தானே என்று கேட்டாள். எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. ஆறு வருடமாக அவளுக்குப் பக்கத்தில் நின்று அந்தச் சொல்லைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

"அவ எனக்குப் பக்கத்திலைதான் நிக்கிறா, அண்ணை" என்றேன்.

என் குரல் அப்போதுதான் உங்களுக்குப் பிடிபட்டது. பிறகு சிரித்தீர்கள்.

"உமக்கேன் உந்த வேலை? நீர் இருக்கிறது என்ரை மச்சான்ரை வீடெல்லே?"

அதற்குப் பிறகு உங்கள் மச்சான் இரண்டு தரம் வந்து என் அறைகளைப் பார்த்துவிட்டுப் போனார். சுவரைத் தட்டிப் பார்த்தார். எத்தனை வருடமாக இருக்கிறேன் என்று கேட்டார். அவள் இன்னும் பெட்டி கட்டவில்லை. எங்கே கொண்டுபோவது?

தமிழ்க் கடைக் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. கறுப்பின வரலாற்று மாதக் கூட்டம், வருகிற ஞாயிறு, சிறப்புப் பேச்சாளர் நீங்கள். நாங்கள் இருவரும் வருகிறோம். பேஸ்மென்ற் இன்னும் காலி. அவளுக்குக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? மைக்கைப் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி, அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.